சந்தனம் பூசிய மூன்று பிரதிகள்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் உத்தி என்று நினைத்துவிடுவீர்கள்.

2007. இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டம். அடையாள அட்டை இல்லாத நாற்பத்திரண்டு பேரின் பிறப்பு விவரங்களை லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டு, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நான் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அதை நான் மறுத்ததில்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘இறப்பர் மரங்களின் தலைக்கு மேலே மின்னல் ஒரு…’

(ஒரு என்ன? உவமை வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். மின்னல் மூன்றாம் பகுதியில் தானாக வரும்.)

2

கஜேந்திரன் தொழிற்சங்கத் தலைவர். எதைச் செய்தாலும் மைக் வைத்துச் செய்பவர்.

“ஒன்னு போனா இன்னொன்னு இருக்கணும் மாஸ்டர். மூணு கொப்பி எடுங்க. மூணு எடத்துல வைப்போம்.”

நல்ல யோசனை. ஆனால் அதற்கும் விழா வைத்தார். ‘பிரதி ஒப்படைப்பு வைபவம்.’ ஒரு பிளொப்பி டிஸ்க் கோயிலுக்கு, ஒன்று என் மேசை லாச்சிக்கு, ஒன்று தலைவர் வீட்டு அலுமாரிக்கு. கடைசிப் பிரதியைத் தலைவரின் வலது கை தலைவரின் இடது கைக்கு வழங்கியது. கைதட்டினோம்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். காலில் அட்டைக்கடியோடு என்னுடன் எல்லா லயத்துக்கும் ஏறி இறங்கியவரும் இவர்தான். அதை எழுதினால் கேலி கெடுகிறது. எழுதாவிட்டால் கதை கெடுகிறது. ஆகவே அடைப்புக்குறிக்குள்.)

3

ஆயுத பூசை வந்தது. பால்வெட்டுக் கத்தி, வாளி, லொறி எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே? மூன்று இடங்களில் இருந்த மூன்று பிளொப்பியும் என் வீட்டில் ஒரே தாம்பாளத்துக்கு வந்து சேர்ந்தன.

மேலுறையில் பொட்டு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கஜேந்திரன் நிறுத்தினார்.

“கத்திக்குக் கூருலதான் பொட்டு வைப்போம், புடியில வைக்கிறதில்ல. இதுக்குக் கூரு எங்க இருக்கு மாஸ்டர்?”

இந்தக் கதையின் முந்திய பிரதியில் அடுத்த வரி இது: ‘தலைவர் சின்னத் தகட்டை விலக்கி, உள்ளே இருந்த கறுப்பு வட்டில் ஈரச் சந்தனத்தைப் பூசினார்.’ அழகான வாக்கியம். அதில் நான் இல்லை என்பதுதான் அதன் அழகு.

திருத்தம்: தகட்டை விலக்கிக் காட்டியவன் நான். “விசயமெல்லாம் இங்கதான் இருக்கு” என்றேன், எல்லாம் தெரிந்தவன் தோரணையில். மூன்றையும் விலக்கினேன். மூன்றிலும் பூசினார்.

நாலாம் நாள் பின்னேரம் டெலிபோன் கம்பி வழியாக மின்னல் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வாசம், பிறகு ஒன்றுமில்லை. அவிசாவளைக் கம்ப்யூட்டர் கடையில் மூன்று பிளொப்பியும் ஓடவில்லை; கடைக்காரன் அவற்றை மோந்து பார்த்து, “மாத்தயா, மேக்க பூஜாவக்த?” என்றான். இதென்ன, பூசையா என்று கேட்கிறான். பதில் சொல்ல என்னிடம் சிங்களம் இருந்தது, முகம் இல்லை.

4

நாற்பத்தொரு பேரிடம் மறுபடி நடந்து போய்க் கேட்டுவிட்டோம். மீதி இருளாயி. அவள் பிறந்த கதையைச் சொன்ன தாய் ராக்காயி, இடையில் செத்துப்போனாள்.

“ஒங்கம்மா சொல்றப்ப நீ பக்கத்துலதான இருந்த?”

“நான் அடுப்புக்கிட்ட இருந்தேன் மாஸ்டர். தொங்கு பாலம் அறுந்த வருசம்னு சொன்னிச்சு. அத வச்சு நீங்கதான் கணக்குப் பாத்து எழுதுனீங்க.”

“அறுபத்தொன்னு” என்றார் கஜேந்திரன், மைக் இல்லாமலே.

பக்கத்து லயத்துப் பழனியாண்டி வெற்றிலையைத் துப்பினார். “பாலம் ரெண்டு தடவ அறுந்திச்சுங்க. ஒன்னு அறுபத்தொன்னு, இன்னொன்னு அறுபத்திநாலு. எத கேக்குறீங்க?”

ராக்காயி எந்தத் தடவையைச் சொன்னாள்? அன்று கேட்டேன், அவள் சொன்னாள், எழுதினேன். பாலத்தையும் அவள் பேச்சையும் விட்டுவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது பாலம் இருக்கிறது, தேதி இல்லை.

இருளாயிக்கு அவசரம். மகள் தர்மிளா கொழும்பில் வீட்டு வேலை செய்கிறாள்; தையில் பிரசவம்; புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். போன தடவை மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, அட்டை இல்லையென்று ஆமி செக் பொயின்டில் இருளாயியை பஸ்ஸிலிருந்து இறக்கி, பொழுது சாயும் வரை உட்கார வைத்தார்கள்.

“அவ ஒத்தையா கெடக்கா மாஸ்டர்.”

5

கதைக்குச் சாத்தியமான முடிவுகள்:

(அ) பழைய டயறி ஒன்று கிடைக்கிறது. கதைகளில் டயறிகள் கிடைக்கும். எங்கள் தோட்டத்தில் கறையான் கிடைக்கும்.

(ஆ) தர்மிளாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் வயதைப் பார்த்துக் கணக்கிடுகிறோம். பார்த்தோம். அறுபத்தொன்றும் வரவில்லை, அறுபத்திநாலும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு வருஷம் வந்தது. அந்த வருஷம் பாலம் நன்றாகத்தான் இருந்ததாம்.

(இ) தலைவர் எழுந்து…

இல்லை. தலைவர் எழவில்லை. இருளாயிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பம் என் முன்னால். விடிந்தால் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்தில், அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை. இது தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிழையாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“ஏதாவது ஒன்ன எழுதுங்க மாஸ்டர்” என்றாள் இருளாயி. “நான் அந்த வயசாவே இருந்துக்கிறேன்.”

தகட்டை விலக்கிய அதே விரல்கள்தான் பேனாவையும் பிடித்திருந்தன. இதற்கு மேல் அவற்றை நான் நம்பவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். என்னிடம் மட்டும் தராதீர்கள்.

பெயர்: ராக்காயி மகள் இருளாயி.
பிறந்த ஆண்டு: 196(   )