ஒரு வாய்ப் பரிசோதனை

கண்ணாடிக்காரர் குடியை விட்டு ஐம்பத்து மூன்று நாளாகிறது. இதை அவரே சொன்னதால்தான் தெருவுக்குத் தெரியும். ஆளைப் பார்த்தால் தெரியாது. குடித்த காலத்தில் படிய வாரிய தலையும் முழுக்கைச் சட்டையுமாகக் கடை திறந்த மனிதர், விட்ட பிறகுதான் கண் சிவந்து, கன்னம் ஒட்டி, வெயில் ஏறுமுன்பே வியர்த்து வழிந்துகொண்டு, "பாவம், ரொம்ப முத்திப்போச்சு" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் உச்சுக்கொட்டும் நிலைக்கு வந்திருந்தார்.

மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பது அவர் தொழில். அதில் வருகிற ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது. முன்பெல்லாம் காலையில் ஒரு மூடி உள்ளே போய்விட்டால் கை கல் மாதிரி நிற்கும். இப்போது ஸ்க்ரூ ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அது கீழே விழ, அவர் மேஜைக்கடியில் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையைத் தடவ, வாடிக்கையாளர் அந்த நேரத்தில் காற்றை மோந்து பார்ப்பார். வாடை வராது. வராததுதான் அவர்களுக்கு இன்னும் சந்தேகம்.

மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: மறுபடி தொட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன். சும்மா சொல்லவில்லை. கட்டிவைத்த பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கிறது.

குடியை நிறுத்தப் போன கிளினிக்கின் நர்ஸும் சொல்லித்தான் அனுப்பினாள். "அண்ணே, இது அலை மாதிரி வரும். ஒரு வாரம் நல்லா இருப்பீங்க, திடீர்னு படபடப்பு, தூக்கமில்ல, கை நடுக்கம். சிலருக்கு மாசக்கணக்கா ஆகும். பயப்படாம வந்து சொல்லுங்க." அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவது வேறு, நம்புவது வேறு. பதினெட்டு வருடம் குடித்தபோது அடித்துக்கொள்ளாத நெஞ்சு விட்ட பிறகு ஏன் அடித்துக்கொள்கிறது? யாரோ ஏதோ செய்கிறார்கள்.

யாரோ என்றால் யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் அவர்.

மனைவிக்கு வேலை மருந்துக்கடையில். அது போதாதா? அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கடைசி வாய்வரை பார்க்கிறாள். அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருப்பவள் அவர் வந்தால் "சரி, அப்புறம்" என்று வைத்துவிடுகிறாள். கைப்பையின் ஜிப் எப்போதும் மூடியே இருக்கிறது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

"நீ சாப்பிடல?"

"நான் அப்புறம்."

ஏன் அப்புறம்? ஒரு நாள் "உன் தட்டக் கொடு, என்னோடத நீ எடுத்துக்கோ" என்றார். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக்கொடுத்தாள். அவர் அந்தத் தட்டையும் தள்ளிவைத்தார். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாள் என்றால், கேட்பேன் என்று முன்பே தெரிந்து வைத்திருக்கிறாள்!

அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துவைக்கப் போடுமுன் அவர் சட்டைக் காலரை மோந்து பார்ப்பாள். இருமல் மருந்து பாட்டிலில் மருந்து நிற்கிற மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் பேட்டரி வந்து சேர்ந்தான். பக்கத்துக் கடையில் வண்டி பேட்டரி விற்பவன், பழைய குடிக் கூட்டாளி. கதையைக் கேட்டதும் தொடையைத் தட்டினான்.

"மாப்ள, இது பொடி வேலை! குடிய நிறுத்துற பொடி. என் சகலைக்கு அவன் பொண்டாட்டி குழம்புல கலந்தா. உனக்கு மருந்துக்கடையே வீட்டுக்குள்ள இருக்கு, கேக்கணுமா?"

"எப்படிரா கண்டுபிடிக்கிறது?"

"இதென்ன பெரிய வித்தை? பொடி உள்ள இருந்தா, ஒரு வாய் சரக்கு போனாலே குடல் வெளிய வந்துரும். ஒண்ணும் ஆகலையா, பொடி இல்ல."

"ஒரு வாய்தானே?"

"டெஸ்ட்டுக்கு எதுக்குடா ரெண்டு வாய்?"

இதைக் கேட்டதும் ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக அவர் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டது. குடிக்கப் போவதில்லையே, பரிசோதனைதானே! அன்று மாலையே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய்ப் பாட்டிலை வாங்கினார். வாங்கும்போது கை நடுங்கவேயில்லை. அதைக் கவனித்தார், கவனித்ததை உடனே மறந்துவிடவும் தீர்மானித்தார்.

அங்கேயே நின்று ஒரு வாய் பார்த்திருக்கலாம். ஆனால் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. கண்ணாடி துடைக்கிற துணியில் பாட்டிலைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறை மேஜைமேல் பாட்டில், பக்கத்தில் ஒரு தம்ளர். மூடி திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நீதிபதி மாதிரி காத்திருந்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கத்தவில்லை, தொழில் புத்தி, முதலில் குனிந்து மூடியின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"என்ன இது?"

"டெஸ்ட்டு."

"என்ன டெஸ்ட்டு?"

"நீ என் சாப்பாட்டுல பொடி கலக்குறியா இல்லையான்னு. கலந்திருந்தா நான் இதத் தொட மாட்டேன், சாகவா? கலக்கலைன்னா பயமே இல்ல. ஒரு வாய் குடிப்பேன், ஒண்ணும் ஆகாது, உன்மேல இருக்கிற சந்தேகமும் தீந்துது. சொல்லு, கலந்தியா?"

அவள் கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. டாக்டர் சீட்டைப் படிக்கும்போது அசைகிற மாதிரி உதடு அசைந்தது. அவர் கண்கொட்டாமல் அந்த முகத்தையே பார்த்தார்.

"கலந்தேன்" என்றாள்.

"என்ன?"

"கலந்தேங்க. தினமும்."

"பாத்தியா! எனக்குத் தெரியும்! அம்பது நாளா சொல்லிட்டிருக்கேன்!" அவர் எழுந்தே விட்டார். "பேர் என்ன அதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் தலைகீழாகப் பிடித்தே படிப்பவள், அலமாரியில் இருக்கிற மாத்திரையை எல்லாம் தூக்கத்திலும் ஒப்பிப்பவள். ஒரு பேரும் வரவில்லை.

"அது... வெள்ளையா இருக்கும்."

"எவ்ளோ போட்ட?"

"கொஞ்சம்."

கொஞ்சம்! 'கொஞ்சம்னு ஒரு அளவு கிடையாதுங்க, எத்தனை மில்லி?' என்று தினம் பத்துப் பேரை மடக்குகிற வாய் அது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பொடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்படியானால் அவர் போட்ட சட்டப்படியே இப்போது தாராளமாக ஒரு வாய் குடிக்கலாம். கை தானாகப் பாட்டில் மூடிமேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து நடுங்கியது.

அவள் பாட்டிலைப் பிடுங்கவில்லை. "கலந்திருக்கேன்னு சொல்றேன்ல. குடிச்சா செத்துருவீங்க" என்றாள்.

"பொய் சொல்ற."

"நீங்க டெஸ்ட்டுன்னு சொல்றீங்க. நான் பொடின்னு சொல்றேன்."

மூடியிலிருந்து கையை எடுக்காமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஏன்டி இப்படி ஆகுது?" என்றார். இத்தனை நாளில் இதைக் குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேட்டது அன்றுதான்.

"நர்ஸ் சொன்னாங்கல்ல."

"அவ சொன்னது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நாளைக்குப் போய் ரெண்டு பேருமா சண்ட போடுவோம். நான் லீவு சொல்லிட்டு வரேன்."

அவர் மூடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "நீயே ஊத்திடு. நான் திறந்தா மூட மாட்டேன்." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஜன்னல்களையும் திறந்தாள்.

ஜன்னலைத் திறந்தால் வாடை எங்கே போகும்? மாடி வீட்டுக்காரம்மாவின் மூக்குக்குத்தான். மறுநாள் காலைக்குள் கண்ணாடிக்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்பது ஊர்ஜிதமாகிவிட்டது. அவர் மனைவியும் சேர்ந்தே குடிக்கிறாளாம், குழாய்ச் சத்தத்தில் பேச்சை மறைக்கிறாளாம் என்று ஒரு பின்னிணைப்பும் சேர்ந்தது. இருவரும் விடிந்ததும் கிளினிக் பக்கம் போனதைப் பார்த்தவர்கள், நிலைமை அவ்வளவு மோசம் போல என்று பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் பேட்டரி ஓடிவந்தான். "டெஸ்ட் என்னாச்சு மாப்ள?"

கண்ணாடிக்காரர் மேஜைக்கடியில் காந்தத்தோடு ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார். தலையை வெளியே நீட்டாமலே சொன்னார்: "கலந்திருக்காடா. ஒத்துக்கிட்டா. இனிமே ஒரு சொட்டு போனாலும் ஆள் காலி."

"நான் சொன்னேன்ல!"

"சொன்ன. அதனால இனிமே என்னைய குடிக்கக் கூப்பிடாத."

அதன்பிறகு பேட்டரி அவரைக் கூப்பிடுவதில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு தள்ளிப் போகிறான். அந்தம்மா கடையில் வாங்கப் பயம்.