வேறு நாட்டு டிஸ்க்

தெருவுக்கே கரண்ட் கொடுக்கும் எலக்ட்ரீசியனை அவருடைய கேம் மெஷின் மதிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மச்சினன், அக்காவிடம் கொடுத்தனுப்பிய டிஸ்க்கை உள்ளே தள்ளினால், ‘இந்த நாட்டு மெஷினில் ஓடாது’ என்று திரையில் எழுத்து வந்தது. ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக மச்சினன் வீட்டு வாசலை மிதிக்காதவர், போனை எடுத்தார்.

“ஓடாததைக் கொடுத்து என்னை முட்டாளாக்கப் பாக்குறியா?”

“நாட்டுக்கு நாடு பூட்டு போட்டிருப்பான்னு எனக்கென்ன தெரியும் மாமா? அங்க வாங்கின என் மெஷின்ல ஓடும். வந்து ஆடுங்க.”

“உன் வீட்டுக்கா? மெஷினை இங்க கொண்டு வாடா.”

“டிஸ்க்கும் கொடுத்து, மெஷினையும் சுமக்கணுமா? வரலைன்னா அந்த டிஸ்க் மேல காபி டம்ளர் வைங்க.”

“உங்களுக்கும் அந்த மெஷினுக்கும் ஒரே வீம்பு” என்றாள் மனைவி.

எட்டு மாதமாகத் தேடியும் எந்தக் கடையிலும் கிடைக்காத ஆட்டம். அரைமணி நேரம் டிஸ்க்கை முறைத்துவிட்டு எலக்ட்ரீசியன் சட்டையை மாட்டினார்.

“ஒரே ஆட்டம். அவனைத் தோக்கடிச்சிட்டு வந்துடுவேன். அவன் வீட்டுப் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்.