தொண்ணூற்றிரண்டு போதும்

எத்தாளை ஊர்ச் சுஹைர் போட் இஞ்சின் திருத்துவதில் பேர்போனவன். கடலில் நின்றுபோன இஞ்சினின் பிழையைக் கரையிலிருந்து போனிலேயே சொல்லிவிடுவான். கார் இஞ்சினைப் பற்றி அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

அவனுடைய தங்கச்சி றைஸா புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கட்டாரில் இருக்கும் புருஷன் இனாஸ் வாங்கிக் கொடுத்த சின்ன ஜப்பான் காரில் தானே ஓட்டிப் போய் வந்தாள். அவர்களுடைய ஒழுங்கையில் கார் ஓட்டிய முதல் பெண் அவள்தான். லைசன் எடுக்க மூன்று தரம் போக வேண்டி வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா, அவள் காரை எடுக்கும் நேரம் பார்த்து மதிலில் சாய்ந்து நின்று சிரிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. விடியமுன் பஸ்ஸுக்கு ஓடாமல், பிள்ளைகள் இரண்டுக்கும் தன் கையாலேயே சோறு தீத்திவிட்டுப் போக முடிந்ததே, அவளுக்கு அது போதும்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. பிறகு கியூஆர் கோட்டா வந்தது, காருக்குக் கிழமை ஏழு நாளைக்கும் இருபது லீற்றர். புத்தளம் போய்வர அது காணாது. சனிக்கிழமைகளில் காரைப் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய் அடித்து வருவது சுஹைரின் பொறுப்பு. அவன் வளவில் ஒரு பீப்பா மண்ணெண்ணெய் கிடந்தது. போட் இஞ்சினைப் பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் பகல் முழுக்கக் கடலில் ஓடும். போட்டுக்கு ஓடுவது காருக்கு ஓடாதா? கிழமைக்கு ஐந்து லீற்றர் கலந்து ஊற்றினான். சொன்னால் பயப்படுவாள் என்று தங்கச்சியிடம் சொல்லவில்லை. பாசத்தில் செய்ததுதான், அதில் பொய்யில்லை.

மூன்றாம் கிழமை இஞ்சினில் சத்தம் கிளம்பியது, தகரப் பேணியில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி.

“நானா, மிதிக்கக்குள்ள ஒரு சத்தம் வருது” என்றாள் றைஸா, அண்ணனிடம்.

சுஹைருக்கு மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. வந்ததை அவன் அப்படியே அமுக்கிக்கொண்டான்.

“நீ மிதிக்கிற மிதி சரியில்ல. மெல்ல மிதி.”

அன்றிலிருந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தாள். சத்தம் நிற்கவில்லை. ஒரு நாள் புத்தளம் போகும் வழியில் பாலாவிக்குக் கிட்ட நடுறோட்டில் கார் நின்றே விட்டது. பின்னால் வந்த லொறிக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசினான். நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். நானாவைக் கூப்பிடப் போனை எடுத்த றைஸா அழுதுவிட்டாள்.

மறுநாள் சுஹைர் காரைத் தெரிந்த ஒருவரின் வான் வண்டியில் கட்டி இழுத்துப் புத்தளத்தில் செய்னுலாப்தீனின் கராஜில் விட்டான். செய்னுலாப்தீன் டாங்கி மூடியைத் திறந்து மூக்கை வைத்தார், மண்ணெண்ணெய் நாற்றம். அவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

“தொண்ணூத்தஞ்சாம் நம்பர்ப் பெற்றோல் அடிச்சா சரிவருமா காக்கா? அதுல பவர் கூடவாமே” என்றான் சுஹைர்.

“பவரும் இல்ல ஒண்டும் இல்ல. இஞ்சின் போட்டு நெருக்கக்குள்ள பெற்றோல் எவ்வளவுக்குப் பொறுத்து நிக்கும் எண்டுறதுதான் அந்த நம்பர். பிளக் நெருப்புக் குடுக்குற வரைக்கும் அது பொறுக்கணும். பொறுக்காமத் தானாப் பத்தினா பிஸ்டனுக்கு அடி விழும். அந்தச் சத்தம்தான் இது. கூட நெருக்குற இஞ்சினுக்குத்தான் தொண்ணூத்தஞ்சு. இந்தக் காருக்குத் தொண்ணூத்திரண்டு போதும்.”

“அப்ப மண்ணெண்ண?”

“அதுக்குப் பொறுமையே இல்ல. போட் இஞ்சின் நெருக்குறது கொஞ்சம், அதால தாங்குது. இதுல ஊத்தினா இந்தக் கதிதான்.” அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஆரு ஊத்தின?”

“தெரியாது காக்கா.”

அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. செய்னுலாப்தீன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு டாங்கியை வடித்து, பிளக்கை மாற்றி, சுத்தமான தொண்ணூற்றிரண்டு ஊற்றிக் கொடுத்தார். கார் பூனை மாதிரி ஓடியது.

றைஸாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சுஹைர் வழியிலேயே முடிவெடுத்தான். நுரைச்சோலை தாண்டியதும் ஆளில்லாக் காருக்குள் சத்தமாக ஒருமுறை சொல்லியும் பார்த்தான். “பிழை என்னில புள்ள, நான்தான் மண்ணெண்ண ஊத்தினேன்.” நன்றாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் உம்மா ஜெய்னம்பு, றைஸா, அண்டை அயல் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்து வளவு ஹயாத்து முகம்மது பொனட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“பாத்தீங்களா, கை மாறினா சத்தமும் போயிட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். றைஸாவும் சிரித்தாள். சுஹைருக்கு நெஞ்சு சுட்டது. ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது, அதையும் மறைப்பானேன்.

“கராஜ்ல என்னவாம் நானா?”

ஏழெட்டு முகமும் அவனைப் பார்த்தன.

“பிளக் போயிட்டாம்.”

“எதாலயாம்?”

“ஓட்டுற முறையால.”

றைஸா தலையாட்டினாள். உள்ளே போய் இனாஸுக்குப் போன் எடுத்தாள். “ஓம், என்ட பிழைதான். நானா திருத்திக் கொண்டந்துட்டாரு. இல்ல, இனி நான் எடுக்கல்ல” என்று அவள் சொல்வது வாசலுக்குக் கேட்டது. திரும்பி வந்து தன்னிடமிருந்த மற்றக் கார்ச் சாவியையும் நானாவின் கையில் வைத்தாள்.

“நீங்களே வெச்சிக்கிங்க. நாளையிலருந்து நான் பஸ்ஸில போறேன். புள்ளகளுக்கு உம்மா சாப்பாடு குடுப்பாங்க.”

சுஹைர் சாவியை வாங்கிக்கொண்டான். ஆட்கள் கலைந்து போனார்கள், ஹயாத்து முகம்மதுவும் போய்விட்டார். முற்றத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். இப்போதாவது சொல்லலாம், கேட்க வேறு யாருமில்லை.

“நானா” என்றாள் றைஸா, மெல்ல. “நான் மிதிக்கிறதுல என்ன பிழை எண்டு நேரமிருந்தா ஒருக்காக் காட்டித் தாங்க. எனக்கு இன்னும் விளங்கல்ல.”

“காட்டுறேன்” என்றான் சுஹைர்.