பத்மாவின் இடது கன்னம்

பத்மா செத்து வருஷம் திரும்புவதற்குள், எண்பத்தேழு ஆவணியில், கோவிந்தராஜுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாலி ஏறுவதற்கு முன் புதுப்பெண் மூத்தாள் படத்தை விழுந்து கும்பிட வேண்டுமாம். அதற்கொரு படம் வரையச் சொல்லி அவன் அம்மா முத்தம்மாள், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு எழுதும் நாகவல்லியிடம் வந்து நின்றாள். வெட்கம் மானம் இருந்தால் வந்திருப்பாளா?

நாகவல்லி அவர்களுக்கு எதிர்வீடு. பத்மாவின் இடது கன்னத்தில் தோசைக் கரண்டி பதிந்த வடுவைத் தினமும் பார்த்தவள். ஸ்டவ் வெடித்ததென்று எழுதிக்கொண்டு போன ஏட்டிடம் அதைச் சொல்லவும் சொன்னாள். அந்த ஆள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனாலும் முகம் வரைய அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. முத்தம்மாள் கல்யாண போட்டோவை நீட்டி, முகம் லட்சுமிகரமாக இருக்க வேண்டும் என்றாள். நாகவல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சிரிப்பை வரைந்தாள். குங்குமம் வைத்தாள். பிறகு போட்டோவைக் கவிழ்த்துவிட்டு, கண்ணிலேயே நின்ற அந்த வடுவை, கரண்டியின் விளிம்பு தெரிய வரைந்தாள். பெண்வீட்டார் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டால் போதும், வரப்போகிற இந்தப் பெண்ணாவது தப்புவாள். வேறு படம் தேட அவகாசம் கொடுக்கக் கூடாதென்று, பெயிண்ட் காயவில்லை என்றே நாளைக் கடத்தி, முகூர்த்தத்தன்று காலையில் வடுவின் மேல் இன்னொரு பூச்சுப் பூசி, கொண்டுபோய்ப் பந்தலில் வைத்தாள்.

முத்தம்மாள் முகம் செத்துப்போனது. அவசரமாக ஒரு சாமந்தி மாலையைப் படத்துக்குப் போட்டாள். வடு மறையவில்லை. வெள்ளானூர்ப் பெண் பொன்னியம்மா கும்பிட வந்தவள் அப்படியே நின்றாள்.

"கன்னத்துல இன்னாக்கா இது?"

"சூடு. உன் மாமியா வச்சது," என்றாள் நாகவல்லி. "அவ வெந்து செத்ததும் இவங்க ஊட்லதான். இப்பவே பூடும்மா."

மேளம் நின்றுவிட்டது. கோவிந்தராஜ் தரையைப் பார்த்தான். பொன்னியம்மா தன் அம்மாவைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள் நாகவல்லி, பைத்தியக்காரி.

அம்மாக்காரி எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். பந்தலில் உட்கார்ந்திருந்த, இன்னும் கல்யாணமாகாத தன் மற்ற இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்த்தாள்.

"மாலைய இந்தப் பக்கமா இஸ்து வுடுங்க," என்றாள். "தெரியாது."

முத்தம்மாளே இழுத்துவிட்டாள். ஈரம் காயாத வடுவில் சாமந்தி ஒட்டிக்கொண்டது. பொன்னியம்மா தன் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

கெட்டிமேளம் கொட்டினார்கள்.