நேர்ந்துவிட்ட ஓட்டம்

தலைவலி என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வரும். ஊரில் எல்லாருக்கும்தான் தலை வலிக்கிறது. தைலம் தடவிக்கொண்டு தூங்குகிறார்கள். எனக்கு வருவது அதுவல்ல. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுத் திருகுவார்கள். கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு ஒரு பக்கம் மட்டும் ஒழுகும். படுக்க முடியாது, உட்கார முடியாது. முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பேன், சுவரில் முட்டுவேன். ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். மறுநாள் அதே வேளைக்கு, சம்பளம் வாங்கும் ஆள் மாதிரி, மறுபடியும் வந்து நிற்கும்.

அது தலைகாட்டுவது கம்பளா காலத்தில். கார்த்திகையில் சேற்று வயலில் எருமைப் பந்தயம் தொடங்கும்போது வந்து, தை பாதியில் போய்விடும். அப்போது நான் தாமோதர ஷெட்டியின் எருமைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். உடுப்பிப் பக்கம் வாமன பூஜாரி என்றால் அறியாதவர் கிடையாது. ஆகவே, தலைவலிக்குக் காரணம் கண்டுபிடிக்க ஊருக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

"சேத்துத் தண்ணி மூக்கு வழியா மூளைக்கு ஏறியிருக்கு."

"கண்ணேறுப்பா. அத்தனை சனமும் இவனையேல்ல வாயைப் பொளந்துட்டுப் பாக்குது!"

அம்மாவுக்கு என் ஓட்டமே பிடிக்காது. ஒரு பந்தயத்துக்கும் அவள் வந்ததில்லை. "எருமைக் கால்ல நீ மிதிபடறதைப் பாக்கவா பெத்தேன்?" என்பாள்.

நான் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தேன். பயிற்சியின்போது கண்ணுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்தால், எருமைகளை அவிழ்த்துவிட்டு நாலு தடவை ஓடுவேன். வலி பாதியிலேயே அமுங்கிப்போகும். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"குடிகாரன்கூடத்தான் குடிச்சா கை நடுக்கம் நிக்குதுங்கறான்" என்றாள்.

அதை இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அந்த வருஷம் எங்கள் குடும்ப தெய்வத்துக்குக் கோலா என்கிற சாமியாட்டம் நடந்தது. முகத்தில் மஞ்சள் பூசி, ஓலைப் பாவாடை கட்டி ஆடி வந்த தெய்வத்தின் முன்னால் அம்மா விழுந்தாள். பந்தயத்துக்கு நான் கட்டும் சிவப்புத் தலைத்துண்டை அதன் காலடியில் வைத்தாள். "இவன் தலைவலியை நீ எடுத்துக்கோ. இவன் ஓட்டத்தை உனக்குத் தந்துடறேன்." நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலம்தான் சுவரில் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலைமையில் என் காலையே கேட்டிருந்தாலும் வெட்டிக் கொடுத்திருப்பேன்.

பத்து நாளில் தலைவலி போய்விட்டது. தை மாதம், எப்படியும் போகிற நேரம்தான். அதை யார் யோசித்தார்கள்? அடுத்த கார்த்திகையில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. வருஷா வருஷம் தெய்வத்துக்குச் சேவலும் இளநீரும் போயின. ஷெட்டி ஒருமுறை வீடு தேடி வந்தார்.

"வாமனா, என் எருமை பொட்டு உன் குரலுக்குத்தாண்டா கிளம்புது. வேற எவன் கத்தினாலும் திரும்பிப் பாத்துட்டு நிக்குது."

அம்மாதான் பதில் சொன்னாள். "ஷெட்ரே, உங்களுக்கு வேற ஓட்டக்காரன் கிடைப்பான். எனக்கு வேற மகன் இல்லை."

நான் அரிசி மில்லில் மூட்டை எடைபோடும் வேலைக்குப் போனேன். தொந்தி விழுந்தது. பந்தய நாளில் ஒலிபெருக்கிச் சத்தம் காதில் விழாமலிருக்க டிவியை அலறவிடுவேன். இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

எட்டாவது கார்த்திகையில், மில்லில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, இடது கண்ணில் கம்பி இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "எங்களுக்குத் தெரியாம ஓடினியா?"

"இந்தத் தொந்தியை வெச்சுக்கிட்டா?"

அவள் நம்பவில்லை. என் மனைவி பிரமிளாதான் சண்டை போட்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு என்னை உடுப்பியில் டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

"இது கொத்துக் கொத்தா வர்ற தலைவலி" என்றார் டாக்டர். "சில வாரம் வாட்டும், அப்புறம் தானாவே போயிடும். சிலருக்கு வருஷக்கணக்கா எட்டியே பாக்காது. குணமாயிட்டதா நினைச்சுக்குவாங்க, அவ்வளவுதான்."

"ஓடினதால வந்தது இல்லீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அதெல்லாம் இல்லைங்க. வலி ஆரம்பிக்கும்போதே வேகமா ஓடினா அடங்குதுன்னுகூடச் சிலர் சொல்றாங்க. எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு எப்படி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை கொடுத்தார், வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆக்சிஜன் பிடிக்கச் சொன்னார், குடிக்கக் கூடாது என்றார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. நோய்க்குக் காணிக்கையாக மருந்தையே கொடுத்திருக்கிறேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கோலாவில் அம்மா மறுபடியும் விழுந்தாள். "கேட்டது என் தப்பு. என் மகன் மேல கோபப்படாதே." தெய்வம் அவள் தலையில் கைவைத்து, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னது. சிவப்புத்துண்டு சாயம் போய் வெளுத்திருந்தது. அதைத் துவைத்து உலர்த்தி என் கையில் கொடுத்தாள். நான் ஷெட்டியிடம் போனேன்.

"இந்த உடம்போட ஓடினா, எருமை போய்ச் சேர்ந்து கழுநீர் குடிச்சு முடிச்சப்புறம்தான் நீ வருவே" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒரு வருஷம் முன்னாடியாவது வந்திருக்கக் கூடாதாடா? பொட்டு போன மழைக்கே செத்துப்போச்சு."

எங்கள் ஊர்க் கம்பளாவன்று அம்மாவும் கிளம்பினாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. வயல் வரப்பில் சனத்தோடு சனமாக நின்றோம். ஷெட்டியின் புது ஜோடி கோட்டுக்கு வந்தது, பின்னால் யாரோ ஒரு புது ஓட்டக்காரன். ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும்போது என் இடது கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. நான் அழுகிறேன் என்று பிரமிளா நினைத்தாள். நான் அழவில்லை.

அம்மாவுக்குத்தான் புரிந்தது. "ஓடுறா" என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கடைகளைத் தாண்டி, தார்ச்சாலையில் ஓடினேன். மூச்சு இரைத்தது, தொந்தி குலுங்கியது, வேட்டி காலைத் தட்டியது. எனக்குப் பின்னால் ஊரே கத்தியது. அந்தச் சத்தம் எனக்கு இல்லை என்று தெரிந்தும் கால் அதைக் கேட்டு வேகம் பிடித்தது. பாலம் வரை போய்த் திரும்பும்போது கம்பி மெல்ல மெல்லக் கழன்றது.

சாலையோரம் அம்மா துண்டோடு நின்றிருந்தாள். பந்தயம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது.

"யாரு ஜெயிச்சாம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று என் முகத்தைத் துடைத்தாள். "நான் நீ ஓடறதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."