மழை வர்ணனையில் முளைக்காத புல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் முன்பு, ஒரு கையில் மொழிபெயர்ப்பு நாவலும் மறு கையில் புல் விதையுமாக, படித்தபடியே விதைத்துக்கொண்டு நடந்த ஒருத்தியிடமிருந்து வந்தது இந்தக் கதை. அவள் நானில்லை. (சரி, நான்தான். ஆனாலும் 'தங்கை' என்றே எழுதுகிறேன். திட்டு விழும்போது வலிக்காது.)

2

முதல் தொடக்கம்: 'வானம் சாம்பல் நிறத்தில்...' வேண்டாம்.

இரண்டாவது: அக்கா வீட்டு முன்புறம் புல் திட்டுத்திட்டாக முளைத்திருந்தது, ஓரிடம் காடு, ஓரிடம் சொட்டை. இது பரவாயில்லை.

அக்கா அலுவலக வேலையை விட்டு, புல்தரை போட்டுக்கொடுக்கும் தொழிலில் இறங்கியிருந்தாள். முதல் வாடிக்கையாளர் ஒரு தலைமையாசிரியை. மாதிரி பார்க்க நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் அக்கா அந்தப் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டும்.

3

அக்கா அடர்ந்த திட்டு ஒன்றின் முன் குந்தினாள்.

"இங்க என்ன படிச்சிட்டிருந்த?"

"கொலை நடக்குற இடம்க்கா. அப்படியே நின்னுட்டேன்."

"இந்தச் சொட்டை?"

"எட்டுப் பக்கம் மழை வர்ணனை. வேகமா நடந்துட்டேன்."

[அக்கா மண்வெட்டியை ஓங்கி...] இல்லை, சிரித்துவிட்டாள். நான் எழுதும் பாத்திரமே என் பேச்சைக் கேட்பதில்லை.

இப்போது விதைத்தால் முளைக்கப் பத்து நாளாகும் என்றாள். ஆகவே கொலையிலிருந்து புல்லை வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாகப் பெயர்த்து மழையில் நட்டார்கள். காதலில் கொஞ்சம் எடுத்து விசாரணையில் சேர்த்தார்கள். பள்ளங்களில் மண் நிரப்பி, பலகை போட்டு ஏறி மிதித்து, தண்ணீர் தெளித்தார்கள். (நாவல் திருத்துவதும் இப்படித்தான் என்றாள் தங்கை. வாளியைத் தூக்கு என்றாள் அக்கா.)

4

ஒரு சொட்டை மட்டும் மிஞ்சியது. கேட்டை ஒட்டி, இரண்டடி அகலம். விதை தீர்ந்ததால் தங்கை கடைசி அத்தியாயத்துக்கு முன்பே நாவலை மூடிய இடம். பெயர்த்தெடுக்க இனி எங்கும் அடர்த்தி இல்லை.

முடிவு அ: பூந்தொட்டி வைத்து மறைக்கிறார்கள். மட்டம்.

முடிவு ஆ: மறுநாள் காலை மணி பத்து. அக்கா உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தலைமையாசிரியை கேட்டைத் திறந்து, இரண்டே எட்டு வைத்து, சரியாக அந்தச் சொட்டையின் மேல் நிற்கிறார். பெரிய பையையும் பக்கத்தில் இறக்கி வைக்கிறார். சொட்டையைக் காணோம்.

"நல்லா சமமா இருக்கே," என்கிறார்.

அக்காவின் கண் அவர் காலடியை விட்டு நகரவில்லை. தங்கைக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் கெட்டது காரியம்.

எனக்கும் கை ஓடவில்லை. கேட்டருகே நிற்பது நீங்கள்தான். அவர் சரி என்று சொல்லும் வரை ஏதாவது பேச்சுக் கொடுங்கள். கொலை எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள், அசையாமல் நிற்பார். மழைப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.