சனிக்குப் போன கப்பல்

பிணத்தின் தலைமாட்டில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி சட்டென்று நின்றது. கரண்ட் போகவில்லை. செத்தவரின் பெண்சாதி மங்கையற்கரசிதான் அறைக்குள் போய், மேசைக்கு அடியில் குந்தி, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

"ஆர்கா அது ஃபேன நிப்பாட்டின? முகத்தில ஈ மொய்க்குது!" என்று வெளியே ஒருத்தி கத்தினாள். கத்தின கையோடு ஒப்பாரியையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டாள்.

எட்டிப் பார்க்க வந்த வதனி வாசலிலேயே நின்றுவிட்டாள். செத்துப்போன யோகராசாவின் கடைசித் தங்கச்சி அவள். அண்ணன் பெட்டிக்குள் கிடக்கிறார். அண்ணி மேசைக்கடியில் கிடக்கிறாள். கையில் கம்பியூட்டரின் கம்பி.

"என்ன மச்சாள் செய்யிறீங்க?"

"உங்கட அண்ணனுக்கு இனி என்ன வேர்க்கவா போகுது? வாசல்ல இரிக்கிற பிளக்கில ஃபேனக் குத்தச் சொல்லு. இதில கை வைக்க வேணாம் எண்டு சொல்லு."

"செத்த வீட்டில கம்பியூட்டர் போடுறதா?"

மங்கையற்கரசி பிளக்கின் துளையைத் தேடினாள். என்னத்தைச் சொல்வது? செத்த வீட்டில் டிவியையே துணி போட்டு மூடி வைக்கிற ஊர் அது. இதில், "உங்கட அண்ணன்ட கப்பல் இண்டைக்கு மூண்டு பத்துக்குச் சனிக்கிரகத்துக்குப் போய்ச் சேருது, அத நிப்பாட்டோணும்" என்று சொன்னால், புருசன் செத்த அதிர்ச்சியில் மண்டை கழன்றுவிட்டது என்று திருநீறு போட ஆள் பிடித்து வந்துவிடுவார்கள். அவள் பிளக்கைக் குத்தினாள். கம்பியூட்டர்ப் பெட்டி ஒரு தரம் உறுமியது, திரையில் நீல வெளிச்சம் வந்தது. சுவர் மணிக்கூடு ஒன்று நாற்பது காட்டியது.

யோகராசா இருபத்தெட்டு வருசம் வாவியில் பாதை ஓட்டிய மனுசன். இரண்டு இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்து, எஞ்சின் பூட்டி, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு ஏற்றி வருகிற அந்தப் படகுக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். அதற்குப் பிரேக் கிடையாது. கரைக்கு எவ்வளவு தூரத்தில் எஞ்சினை நிறுத்தினால் அது தானாக ஊர்ந்து வந்து துறையைத் தொடும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். யோகராசா துறையோடு கொண்டுவந்து அணைத்தால் கையில் இருக்கிற தேத்தண்ணி அலம்பாது என்று சனங்கள் சொல்லும்.

காத்தான்குடியில் அப்துல் கபூரின் கடைக்கு ரேடியோ திருத்தப் போன இடத்தில்தான் அவருக்கு அந்தப் பேய் பிடித்தது. கடையில் இருந்த கம்பியூட்டரில் ஓடிய ஆட்டம் ஒன்றில் யாரோ ஒரு விண்கப்பலை விண்வெளி நிலையத்தோடு அணைக்கப் பார்த்து மோதிக்கொண்டிருந்தார்களாம். "எஞ்சின முன்னுக்கே நிப்பாட்டு தம்பி" என்று இவர் பின்னால் நின்று சொன்னாராம். அவ்வளவுதான். படுவான்கரைக்கு மின்சாரம் வந்த வருசம் வீட்டுக்கு முதலில் வந்தது ஃபிரிட்ஜ் அல்ல, கம்பியூட்டர். முதல் மாதம் முழுக்கச் சந்திரனில் போய் விழுந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "பொறு புள்ள, இறங்கப் போறன்" என்பார். அடுத்த நிமிசம் "ஐயோ!" என்று கேட்கும். "விழுந்திட்டீங்களா? அப்ப கையக் கழுவிட்டு வாங்க" என்பாள் இவள். ஒருநாள் "ஐயோ" கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சந்திரனில் இறங்கிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஊர் முழுக்கச் சிரித்தது.

மறுகா செவ்வாய். மறுகா வியாழன். கடைசியாகச் சனி.

சனி தங்களைத் தேடி வரக்கூடாது என்று சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிற ஊரில், சனியைத் தேடிப் புறப்பட்ட ஒரே ஆள் யோகராசாதான். அதுவும் எப்படி? மற்ற ஆட்டக்காரர்கள் கீபோட்டில் ஒரு கட்டையைத் தட்டி, வருசத்தை நிமிசமாக்கிப் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். இவர் அதைத் தொடமாட்டார். "போற தூரம் போற தூரமாத்தான் இரிக்கோணும்" என்பார். கம்பியூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தாலும் திகதிக் கணக்குப்படி கப்பல் போய்க்கொண்டே இருக்குமாம். மொத்தம் ஏழரை வருசம்.

"சரியாப் போச்சு. வீட்டுக்கு ஏழரைச் சனிய நீங்களே கூட்டிவந்த மாதிரி" என்று தேத்தண்ணியை மேசையில் வைத்தபடி சொன்னாள் மங்கையற்கரசி.

அவர் சிரித்தார். "போய்ச் சேரக்குள்ள நீ பக்கத்தில இரி புள்ள. வளையத்த ரெண்டு பேருமாப் பாப்பம்."

"ஏழரை வருசத்துக்குப் பிறகா? அதுக்குள்ள நான் செத்திருவன்."

"அப்ப நான் தனியப் பாக்கமாட்டன்."

அந்தக் கிழமையே இன்னொரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி வந்து தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார். மங்கையற்கரசி அதில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. காய்ந்த உடுப்புகளைக் கொண்டுவந்து போட நல்ல தோதான இடமாக இருந்தது அது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லாத பின்னேரங்கள் ஆயிரக்கணக்கில் வந்து போயின. அவர் இந்த அறையில், அவள் அந்த அறையில். ஒரு நாளாவது வந்து இருந்திருக்கலாம் என்று இப்போது நெஞ்சு எரிந்தது. என்ன குறைந்து போயிருக்கும்?

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு நாளும் அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை மூண்டு பத்து. நிப்பாட்டோணும்." வந்த சனமெல்லாம் அழுதது: பாவம், சாகிற நேரத்திலும் பாதையைத்தானே நினைக்கிறார்! இப்போது பாதை ஓட்டுகிற உதயரூபனையே கூட்டி வந்து கட்டிலடியில் நிறுத்தினார்கள். அவனும் குனிந்து, "அண்ணன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. மூண்டு பத்துக்கு இந்தக் கரைக்கு வந்திருவன். நல்லா அணைப்பன்" என்று சத்தியம் பண்ணினான். யோகராசா எரிச்சலோடு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து அவளைப் பார்த்தார்.

"நான் நிப்பாட்டுறன்" என்றாள் அவள்.

"கைய எடுக்க மறந்திராத."

அதுதான் அவர் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு. வெள்ளிக்கிழமை பின்னேரம் உயிர் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கம்பியூட்டரில் அவர் எழுதி ஒட்டியிருந்த கொப்பித் தாளை அவள் இன்னொரு தரம் வாசித்தாள். "மங்கை, கப்பலத் திருப்பி வைச்சிட்டன், இனி முதுகு காட்டிக்கொண்டுதான் போய்ச் சேரும். மூண்டு பத்துக்கு நீளக் கட்டைய அமத்து. அமத்தினபடி பிடி. வேக இலக்கம் இருநூற்றி எண்பதில இருந்து ஒவ்வொண்டாக் குறையும். சைபர் வந்த உடன கைய எடு. எடுக்காட்டித் திரும்பி வரத் தொடங்கிரும். அமத்தாமலே விட்டாச் சனியத் தாண்டிப் போயிரும், மறுகா ஒருத்தராலயும் பிடிக்கேலா."

பிரேதம் எடுக்கிற நேரம் இரண்டரை என்று குறித்திருந்தார்கள். ஊர்வலம் வேலிப் படலை தாண்டினால் பெண்கள் திரும்பிவிடுவார்கள். நேரம் தாராளமாகக் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் செத்த வீட்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தால் போதாதா?

"இண்டைக்குச் சனிக்கிழமை எல்லோ? சனிப் பொணம் தனிப் போகாது. துணைக்கு ஒரு சேவல் கட்டி விடோணும். சேவல் எங்க?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நூறு சேவல் கூவுகிற ஊர்தான். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. தன் வீட்டுச் சேவலைப் பிணத்துக்குத் துணை அனுப்ப யாருக்கு மனம் வரும்? கூட்டுக்குள் போட்டு மூடிவிட்டு, "விடியவே எங்கயோ போயிட்டுது" என்றார்கள். வதனியின் புருசன் அருமைநாயகம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குப் பறந்தான்.

இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. பறைமேளக்காரர் மேளத்தைக் கிடத்திவிட்டு வெற்றிலை போட்டார். பெட்டியின் அருகே இருந்த மங்கையற்கரசியின் கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டிய கடைசி நேரம் இது. அதைப் பார்க்க விடாமல் அந்த முள் இழுத்தது. மூன்று பத்துக்குப் பெட்டி வாசலில் நின்றால் அவள் எதை விடுவது, எதைப் பிடிப்பது?

"தேங்காய் ஒண்டு வைச்சாலும் போதும் எண்டு சொல்லுவாங்களே" என்றாள்.

"வைக்கலாம்தான். எண்டாலும் சேவல்தான் முறை. அவசரம் என்னத்துக்கு?" என்றார் பெரியவர்.

மூன்றுக்கு ஐந்து நிமிசம் இருந்தது. மங்கையற்கரசி எழுந்தாள். குனிந்து அவர் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எடுங்க."

ஒப்பாரி அறுந்தது. அந்த ஊரில் புருசனைத் தூக்க வந்தால் பெண்சாதி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டாள். நாலு பேர் சேர்ந்து கையைப் பிரித்தெடுக்க வேண்டும். அதுதான் வழக்கம், அதுதான் மரியாதை. கட்டினவளே எடுங்க என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மச்சாள்!" என்றாள் வதனி. "அண்ணன் உங்களுக்கு என்ன குறை வைச்சவர்? சேவல் வரட்டும். தனியவா அனுப்பப் போறீங்க?"

"அவர் தனியப் போகல்ல வதனி. நான் பாத்துக்கொள்ளுவன். தேங்காய வைச்சு எடுங்க. நேரம் போகுது."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் கால்மாட்டில் தேங்காயை வைத்தார்கள். மங்கையற்கரசி வாய்க்கரிசி போட்டாள். பறை முழங்கியது. அவருடைய தம்பி மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். படலைவரை அவள் போனாள், அதற்குமேல் பெண்களுக்கு வழியில்லை. வளைவில் பெட்டி மறையும்வரை நின்றாள். அப்போது பார்த்து அருமைநாயகம் வந்து சேர்ந்தான். காண்டில் பிடியில் தலைகீழாகத் தொங்கிய சேவல் கத்த, அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஊர்வலத்தின் பின்னால் விட்டான்.

மூன்று ஏழு.

பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். சிலர் வீட்டைக் கழுவ வாளி எடுத்தார்கள். தலைக்கு ஊற்றாமல் ஒரு பொருளையும் தொடக்கூடாது. மங்கையற்கரசி நேரே அறைக்குள் போனாள். இரண்டாவது கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். மேலே கிடந்த அவருடைய சாரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தாள். ஏழரை வருசத்தில் முதல் தரம். கதிரை உயரம் அவளுக்கு அளவாக இருந்தது. அவருடைய கதிரை பக்கத்தில் சும்மா இருந்தது.

திரை முழுக்கச் சனி. வடித்த கஞ்சி நிறத்தில் ஒரு பெரிய உருண்டை, சுற்றிவர வளையம். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் சொல்லவே இல்லையே! சொல்லியிருப்பார். இவள்தான் கேட்டிருக்கமாட்டாள். திரையின் கீழ் மூலையில் இங்கிலீசு எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்தாள். யோகராசா. மங்கை. கப்பலில் போகிற ஆட்களின் பெயர்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெட்டியடியில் வராத அழுகை. சத்தம் போட்டு அழுதாள். அழுதுகொண்டே, மணி மூன்று பத்தானதும், நீளக் கட்டையை அமத்தினாள்.

இருநூற்றி எழுபத்தொன்பது. எழுபத்தெட்டு. எழுபத்தேழு.

பறைச் சத்தம் சுடலைப் பக்கம் தேய்ந்துகொண்டு போயிற்று. வதனி ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றாள். ஏசத்தான் வந்தாள். திரையைப் பார்த்தாள், ஒட்டியிருந்த தாளில் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தாள், கிட்ட வந்து வாசித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் அவளும்தான் நின்றிருந்தாள். வெறுமையாய்க் கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அதில் இருக்கவில்லை.

கிணற்றடியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நாற்பது. முப்பத்தொன்பது.

"நிக்குமா மச்சாள்?"

"நிக்கும். தேத்தண்ணி அலம்பாம நிக்கும்."

பத்து. ஒன்பது. வளையம் ஆடாமல் கிட்ட வந்துகொண்டிருந்தது. மூன்று. இரண்டு. ஒன்று.

சைபர்.

மங்கையற்கரசியின் விரல் கட்டையிலேயே இருந்தது. இலக்கத்துக்கு முன்னால் ஒரு சிறு கழித்தல் கோடு விழுந்தது. ஒன்று. இரண்டு.

"மச்சாள், கை," என்றாள் வதனி மெதுவாக.

கையை எடுத்தாள். இலக்கம் மூன்றில் நின்றது. கப்பல் வீட்டுப் பக்கம் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. அந்த வேகத்தில் வந்து சேர எத்தனை வருசம் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல அவருக்குத்தான் தெரியும்.